டிக்கெட் விற்றால்தான் மேடை: ஒரு ஹெவிவெயிட் வீரனுக்குக் கணக்கெழுதிய மூன்று வருஷம்

பழுப்பு உறையைச் சமையலறை மேசைமேல் கவிழ்த்தான். நூற்றைம்பது டிக்கெட்டுகள். ஒன்று 45 பவுண்டு. ஆறடி நான்கு அங்குல உயரம், 112 கிலோ எடை. என் வீட்டு நாற்காலி தாங்குமோ தாங்காதோ என்று பாதி உடம்பை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இதையெல்லாம் நானேதான் விற்கவேண்டுமாம்" என்றான்.

2017 வசந்தகாலம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் கணக்காளன் நான். அவனுடைய அம்மாவும் என் மனைவியும் ஒரே வார்டில் நர்ஸ். நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பம். அவர்களிடமும் நம்மைப் போலவே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. எல்லோரும் அங்கிள், ஆன்டிதான். பையன் அமெச்சூர் குத்துச்சண்டையில் இருபதுக்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு மாறியிருந்தான். "வரி, ரசீது எல்லாம் அவனுக்குத் தெரியாது. நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று வருஷத்தில் ஏழு சண்டைகள். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஹெவிவெயிட் என்றதும் லாஸ் வேகாஸும் கோடிக்கணக்கான டாலரும் நினைவுக்கு வரும். எங்கள் உலகம் யார்க் ஹால். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் 1929இல் திறந்த கட்டடம். 1,200 பேர் உட்காரலாம். அதே கட்டடத்தில் நீச்சல் குளமும் உண்டு. பிரிட்டனின் பெரிய பெயர்கள் பலவும் அந்த மேடையைத் தாண்டிப் போனவைதான். தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

அங்கே ஒவ்வொரு சண்டைக்கும் இரண்டு மூலைகள். உள்ளூர் மூலைக்காரன் டிக்கெட் விற்பவன். வெளியூர் மூலைக்காரன் கூலிக்கு வருபவன். அந்தக் கூலியையும் உள்ளூர்க்காரன் விற்ற டிக்கெட் பணத்திலிருந்துதான் கொடுக்கிறார்கள். தன்னை அடிக்க வருகிறவனுக்குத் தானே சம்பளம் கொடுக்கும் தொழில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் சண்டையின் கணக்கை அப்படியே தருகிறேன். விற்றது 142 டிக்கெட், வரவு 6,390 பவுண்டு. எதிராளியின் கூலி, மண்டபத்தில் நம் பங்கு, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து, போட்டியை நடத்தும் புரமோட்டருக்குப் போனது 4,200. மிச்சம் 2,190. பயிற்சியாளருக்குப் பத்து சதவீதம், 219. மேனேஜருக்கு வழக்கமாக இருபத்தைந்து சதவீதம். முதல் சண்டை என்பதால் அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். லைசென்ஸ், ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, மூளை எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்கு 640. சாப்பாடு, ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டைக்குப் போய்வந்த ரயில் செலவு 500. கையில் நின்றது 831 பவுண்டு. பயிற்சி எடுத்தது பதினொரு வாரம். வாரத்துக்கு 75 பவுண்டு விழுந்தது. இரவுகளில் வீட்டுச்சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு அவன் போகாவிட்டால் அந்தப் பதினொரு வாரமும் சாப்பிட்டிருக்கவே முடியாது.

அந்த 142இல் பதினொன்றை நான் விற்றேன். கோயில் அன்னதானக் குழுவில் இருக்கும் நண்பர்கள், வாழ்நாளில் குத்துச்சண்டையைப் பார்த்திராதவர்கள், தயிர்சாதம் பரிமாறிய கையோடு வாங்கிக்கொண்டார்கள். அவன் சர்ச்சிலும் முடிவெட்டும் கடையிலும் பழைய பள்ளி நண்பர்களிடமும் விற்றான். விற்றான் என்பதைவிட விநியோகித்தான் என்று சொல்லலாம். "பணத்தை அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிப்போன பதினாறு பேரில் ஒன்பது பேர் கடைசிவரை தரவில்லை. அவர்களுக்கும் சேர்த்து அவன் தன் பணத்தைப் போட்டான். பணத்தை எண்ணி வாங்கிய பிறகே டிக்கெட்டைக் கொடுக்கவேண்டும், அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. இந்தப் பாடத்துக்கு நாங்கள் கட்டிய பீஸ் 405 பவுண்டு.

டிக்கெட் இப்படியென்றால், எதிராளி கிடைப்பது அதைவிடக் கஷ்டம். லைட்வெயிட்காரனுக்கு எதிராளிகள் வரிசையில் நிற்பார்கள். பெரிய உடம்புக்காரர்களோ எண்ணிக்கையில் குறைவு. அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் தாங்களே டிக்கெட் விற்று ஜெயிக்க நினைக்கிறவர்கள். அதனால் சுவரொட்டியில் எங்கள் பையனின் படத்துக்கு எதிரே பெரும்பாலும் வெற்றிடம்தான் இருக்கும். மூன்று நாள் முன்னால் ஒருவருக்கு முதுகுவலி வரும், இன்னொருவருக்கு விசா வராது. எட்டு வாரம் இடதுகைக்காரனுக்காகத் தயாராகிவிட்டு, கடைசியில் வலதுகைக்காரன் முன்னால் போய் நின்றிருக்கிறோம்.

முதல் எதிராளி லாட்வியாவிலிருந்து வந்தவர். நாற்பதை நெருங்கிய வயது, முன்வழுக்கை, ஒரு சின்னப் பை. தோற்ற சண்டைகள் ஜெயித்தவற்றைப்போல நாலைந்து மடங்கு. பாவம், அடிவாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மணி அடித்தபின் பார்த்தால் எங்கள் பையனின் வலது கை அவர்மேல் சுத்தமாக ஒருமுறைகூட விழவில்லை. தோளால் தடுக்கிறார், கையைப் பூட்டிக்கொள்கிறார், சாய்ந்து தன் எடையை அவன் கழுத்தில் இறக்குகிறார். இரண்டாம் சுற்றில் பிணைந்து நின்றபோது காதோடு சொன்னாராம்: "மெதுவாக, நண்பா. அடுத்த சனிக்கிழமையும் எனக்கு வேலை இருக்கிறது." நாக் அவுட்டோ நிறுத்தமோ நடந்தால் அவருக்கு வாரக்கணக்கில் மருத்துவத் தடை விழும். தடை என்றால் கூலி இல்லை. அவரைப் பொறுத்தவரை தோல்வி நஷ்டமே அல்ல, நான்கு சுற்றும் முடியாமல் விழுவதுதான் நஷ்டம். நடுவர் 40-36 என்று எங்களுக்குக் கொடுத்தார். சின்னச் சண்டைகளில் தனி ஜட்ஜ் கிடையாது, புள்ளியும் நடுவர் போடுவதுதான். லாட்வியாக்காரர் கைதட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றிரவு எனக்கு ராயபுரம் நினைவுக்கு வந்தது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு மாதத்துக்கு எல்லாப் பையன்களும் அலிதான். எதிரே நின்றவரின் பெயர் ஜிம்மி எல்லிஸ். அவரும் ஒருகாலத்தில் உலக ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர், அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். எங்கள் தெருவில் ஒருவன்கூட எல்லிஸாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்மூலையில் நிற்பதும் ஒரு தொழில் என்று எனக்கு உறைக்க நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது சண்டையிலிருந்து வாளி பிடிக்கும் வேலையும் எனக்கு வந்தது. மூலையில் உதவிக்கு நிற்கவும் லைசென்ஸ் வேண்டும், எடுத்தேன். சண்டைக்கு முன் அந்த அறையில் நடப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கைக்கட்டு. பயிற்சியாளர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அவன் முன்கையை அதன் முதுகில் வைத்து, வெள்ளைத் துணியைச் சுற்றத் தொடங்குவார். மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரலைச் சுற்றி ஒன்று, முட்டிகள்மேல் மடித்து மடித்து ஒரு திண்டு, பிறகு விரலிடுக்கு வழியாகப் பட்டி. முட்டிமேல் மட்டும் பட்டி ஒட்டக்கூடாது. "விரித்துப் பிடி. இப்போது மூடு. இறுக்கமா?" இதைத் தவிரப் பேச்சே இருக்காது. முடிந்ததும் லைசென்ஸ் கொடுக்கும் குத்துச்சண்டை வாரியத்தின் கண்காணிப்பாளர் வந்து தொட்டுப் பார்த்து, கட்டின்மேலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு பையன் வேறு ஆளாகிவிடுவான். அம்மா போன் செய்தாலும் எடுக்கமாட்டான். எப்படி எடுப்பான், கையில்தான் விரலே இல்லையே.

என் முதல் வேலையில் நான் வாளியைத் தட்டிவிட்டேன். ஐஸ் முழுவதும் மேடையில் சிதறிவிட்டது. நடுவர் சண்டையை நிறுத்தி, ஆயிரம் பேர் பார்க்க, என்னை மண்டியிட்டுத் துடைக்க வைத்தார். அன்னதானக் குழு நண்பர்கள் மேலே பால்கனியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு வாளியில் பாதிக்குமேல் ஐஸ் போட்டதில்லை, ஈரத்துண்டோடு ஒரு காய்ந்த துண்டும் தோளில் இருக்கும்.

இடைவேளை ஒரு நிமிஷம் என்பது பேப்பரில்தான். அவன் நடந்து வந்து உட்காரவே பத்து விநாடி போய்விடும், கடைசிப் பத்து விநாடியில் வெளியேறச் சொல்லி விசில் ஊதிவிடுவார்கள். நடுவே இருக்கும் நாற்பதில் முதல் பதினைந்தை மூச்சுக்கு விட்டுவிடவேண்டும். அப்போது எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். "இடது கையை இறக்காதே." அவ்வளவுதான். நான் ஆர்வத்தில் மூன்று சொன்னேன். பயிற்சியாளர் என் காலை மிதித்தார்.

மூன்றாவது சண்டையில் விற்றது 71 டிக்கெட். புரமோட்டருக்கான 4,200ஐத் தொட 1,005 பவுண்டு குறைந்தது. பையன் சண்டை போட்டான், ஜெயித்தான், மறுநாள் வங்கிக்குப் போய் அந்த 1,005ஐத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினான். நண்பர்கள் முதல் முறை பாசத்துக்கு வருவார்கள், இரண்டாம் முறை ஆர்வத்துக்கு வருவார்கள். மூன்றாம் முறை யாருக்காவது கல்யாணம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: மூன்று வாரம் முன்னால் நூறு டிக்கெட் விற்கவில்லையென்றால் அந்தத் தேதி வேண்டாம். மேனேஜருக்குக் கோபம். வருஷத்தில் ஒரு சண்டை குறைந்தது. ஆனால் கடன் ஏறவில்லை.

நான்காவது சண்டை டிரா, 38-38. காரணம் சாப்பாடு. மற்ற எடைப்பிரிவுகளில் தராசு காவல் இருக்கும். ஹெவிவெயிட்டுக்கோ கீழே ஒரு கோடு உண்டு, 90.7 கிலோ, மேலே வானம்தான். எவ்வளவு தின்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பெரிய ஆட்களோடு மோதப்போகிறோம், நாமும் பெரிதாக வேண்டும் என்று எண்ணி 112லிருந்து 119க்கு ஏறிவிட்டான். மூன்றாம் சுற்றில் வாய் திறந்து மூச்சு வாங்கியது. கை இடுப்புக்கு இறங்கியது. பயிற்சியாளர் திட்டவில்லை. ஏழு கிலோ அரிசி மூட்டை ஒன்றை வாங்கிவந்து, அதைத் தூக்கிக்கொண்டு எதிராளி இல்லாமல் காற்றோடு மோதும் நிழல்சண்டையை நான்கு சுற்று போட வைத்தார். ஐந்தாவது சண்டைக்கு 110 கிலோவில் வந்து ஜெயித்தான். அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

வரியைப் பற்றிக் கணக்காளன் சொல்லாமல் யார் சொல்வது? ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலகப் பட்டம் வைத்திருந்தவர், 25 முறை காத்தவர். 1942இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்துவிட்டார். அப்படியும் வரித்துறை அவரை விடவில்லை. வட்டியோடு கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஓய்வு பெற்றவர் கடனுக்காகத் திரும்பி வந்து, 1951இல் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். பிற்காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார். இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லிவிட்டு, சண்டைப் பணம் வந்த அன்றே நான்கில் ஒரு பங்கை வேறொரு கணக்கில் போட வைத்தேன். முணுமுணுத்தான். ஜனவரி 31ஆம் தேதி வந்தபோது அந்தப் பணம்தான் வரி கட்டியது. எல்லா ரசீதும் வேண்டும்: கையுறை, பல்காப்பு, ரயில் டிக்கெட், ஸ்பாரிங் கூலி. அவன் பாதியைக் காலணிப் பெட்டியில் கொண்டுவந்தான், மீதியைத் துவைத்த பேண்ட் பாக்கெட்டில்.

இன்னொன்றும் வற்புறுத்தினேன். வாரம் இரண்டு மாலை எலக்ட்ரீஷியன் படிப்பு. மேனேஜருக்கு இதுவும் பிடிக்கவில்லை. "முழு மனசும் சண்டையில் இருக்கவேண்டும்" என்றார். சக் வெப்னர் மது விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டே ஹெவிவெயிட் ஆடியவர். 1975இல் அலியோடு மோதி, பதினைந்தாம் சுற்றில் 19 விநாடி பாக்கி இருக்கும்வரை நின்றார். வேலையைக் கையில் வைத்திருப்பவனுக்கு மனசு இல்லை என்று யார் சொன்னது?

ஆறாவது சண்டையை நாங்கள் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்பது நாள் முன்னால் போன் வந்தது. வேறு ஊர், பெரிய மண்டபம், வளர்ந்துவரும் நட்சத்திரம் ஒருவருக்கு எதிராளி விலகிவிட்டார். 5,000 பவுண்டு, டிக்கெட் விற்கவேண்டாம். வெளியூர் மூலை! நோட்டில் அந்தத் தொகையை எழுதிப் பார்த்தபோது எனக்கே கை துடித்தது. மேனேஜர் 1,250, பயிற்சியாளர் 500 போனாலும் 3,250. அதுவரை அவன் கண்ட மொத்த லாபத்தைவிட அதிகம். பயிற்சியாளர் வேண்டாம் என்றார். நான் அவர் பக்கம் பேசவில்லை. இதை எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் சுற்றில் ஒரு இடது கொக்கிக் குத்து, காதுக்குச் சற்று மேலே. விழவில்லை, கால்கள் மட்டும் யாரோ வேறு ஒருவருடையவைபோல நடந்தன. போதும் என்று பயிற்சியாளர் மேடைக்குள் துண்டை வீசினார், நடுவரும் அதே கணம் கையை வீசி நிறுத்திவிட்டார். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, இருபத்துநான்கு மணி நேரம் தனியாக விடக்கூடாது என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். காரில் வரும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். லண்டனுக்குள் நுழைந்ததும், "அங்கிள், என் காரை எங்கே நிறுத்தினேன்?" என்றான். நீ என் காரில்தானே வந்தாய் என்றேன். சிக்னலில் மறுபடியும் அதே கேள்வி. அடுத்த சிக்னலில் மறுபடியும். வீட்டுக்குப் போகும் வழியை விட்டு மருத்துவமனைக்குத் திருப்பினேன்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ச்சிதான். காத்திருந்த நான்கு மணி நேரத்தில் நான் நினைத்தது எங்கள் நோட்டில் இருந்த ஒரு வரியை: டாக்டர், ஆம்புலன்ஸ். அந்தச் செலவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் நான் புரமோட்டரிடம் முணுமுணுத்திருக்கிறேன். 1991 செப்டம்பர் 21 அன்று வடக்கு லண்டனில் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் மேடையில் சரிந்தபோது, உயிர்காக்கும் சிகிச்சை உடனே கிடைக்கவில்லை. நாற்பது நாள் கோமா, மூளையில் ஆறு அறுவைச் சிகிச்சைகள். அவர் வழக்குப் போட்டு, பாதுகாப்பு ஏற்பாடு வாரியத்தின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. மேடையோரம் தயாராக நிற்கும் டாக்டர்களும் ஆம்புலன்ஸும் அந்த மனிதரின் உடம்பிலிருந்து வந்தவை. 2003இல் அவர் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாளில் நடந்து முடித்தார். அந்த மருத்துவமனை இரவுக்குப் பிறகு நோட்டின் அந்தச் செலவைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

சண்டைக்காரர் குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "தலைவலி இல்லை" என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள். சொன்னால் தடை நீளும் என்று அவனுக்குத் தெரியும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறானா, வாந்தி எடுக்கிறானா, வெளிச்சத்துக்குக் கண்ணை மூடுகிறானா என்று பாருங்கள். அவன் அம்மா நர்ஸ். அவரிடமே ஆறு நாள் மறைத்தான்.

ஏழாவது சண்டை 2019 நவம்பரில், யார்க் ஹாலிலேயே, எளிதான வெற்றி. அப்போதே அவன் தலையைக் கொஞ்சம் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வதைப் பார்த்தேன். பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியது. சில மாதம் கழித்துச் சண்டைகள் திரும்பின. ஆனால் காலி மண்டபத்தில், தொலைக்காட்சிக்காக. டிக்கெட் விற்றுப் பிழைத்தவனுக்கு அங்கே இடம் ஏது? அவன் வயரிங் வேலைக்குப் போகத் தொடங்கினான். அம்மா ஜெர்ரி குவாரியைப் பற்றி எங்கோ படித்திருந்தார்: அலியோடு இரண்டு முறை மோதியவர், 47 வயதில் 1,050 டாலருக்காக மறுபடி மேடையேறியவர், நினைவெல்லாம் அழிந்து 53 வயதில் இறந்தவர். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார். எதுவும் சொல்லவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கும் தேதி வந்தது, போனது.

சென்ற இலையுதிர் காலத்தில் அவனுடைய பழைய ஜிம்மில் விளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தான். பில்லில் திருத்தம் இருந்ததால் நானும் போயிருந்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பையன், தோள் கதவை அடைக்கும் அளவு, கையில் பழுப்பு உறையோடு ஏணிக்கு அடியில் வந்து நின்றான். முதல் சண்டையாம்.

"இரண்டு கொடு" என்றான் எங்கள் ஆள், மேலிருந்தபடியே.

"எடுத்துக்கொள்ளுங்கள், பணம் அப்புறம் தந்தால் போதும்."

ஏணியிலிருந்து இறங்கினான். கையைத் துடைத்துக்கொண்டான். பர்ஸிலிருந்து நோட்டுகளை எடுத்துப் பையன் உள்ளங்கையில் வைத்து, "எண்ணு" என்றான். பையன் சிரித்தான். "எண்ணு" என்றான் மறுபடியும். எண்ணி முடித்த பிறகுதான் டிக்கெட்டைத் தொட்டான்.

நான் சுவரொட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கம் பையனின் படம், மறுபக்கம் வெற்றிடம்.

"எதிராளி யார்?" என்று கேட்டேன்.

"இன்னும் கிடைக்கவில்லை, அங்கிள்."